சீதனத்துக்கு ஒரு அப்

வீட்டைக் கேட்டார்கள், கஜானி வாய் திறக்கவில்லை. வாழைத் தோட்டத்தோடு கிடக்கிற காணியைக் கேட்டார்கள், அதற்கும் திறக்கவில்லை. நகையைக் கேட்டார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். நீர்வேலியில் பெண்ணாய்ப் பிறந்து, முப்பது தாண்டியும் தகப்பன் வீட்டில் இருந்தால் இந்தப் பாட்டையெல்லாம் கேட்டுத்தான் தீர வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் தாய் பயத்தம் பணியாரத்தில் ஒரு கடி கடித்து, தேத்தண்ணியில் ஒரு மிடறு விழுங்கி, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாளே ஒரு கேள்வி, அதில்தான் கஜானிக்கு உச்சந்தலையில் நெருப்புப் பற்றியது.

"மற்றது, பிள்ளை ஏதோ ஃபோன் அப் ஒண்டு செய்து வைச்சிருக்கிறாவாமே, திதி பாக்கிறது. நல்ல வருமானமாம். அதையும் தம்பியின்ரை பேருக்கு எழுதிவிட்டியளெண்டால் நல்லது. மெல்பேணிலை அவனுக்கு உதுதானே தொழில். வடிவாப் பாத்துக்கொள்ளுவான்."

விறாந்தையில் இருந்த எல்லாரும் தகப்பன் மார்க்கண்டரைப் பார்த்தார்கள். தரகர் கூடக் கொஞ்சம் முழுசினார். இப்படியொரு சீதனம் அவருடைய காலத்தில் யாரும் கேட்டதில்லை. மார்க்கண்டர் யோசிக்கக்கூட இல்லை.

"அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு. அது எங்கடை மகன் சுபாஸின்ரை பேரிலைதான் கிடக்குது. லண்டனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னாச் சரி."

கஜானி தட்டத்தைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"அப்பா, அது என்ரை."

"ஓம் பிள்ளை, உன்ரைதான். உனக்குத்தானே தாறம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஏதோ பெரிய பகிடி விட்டமாதிரி மார்க்கண்டரும் சிரித்தார். என்னுடைய சாமானை எனக்குத் தருவதற்கு நீங்கள் யார் என்று கேட்க வாய் உன்னியது. பின்னால் நின்ற தாய் பாலேஸ்வரி முழங்கைக்கு மேலே ஒரு நுள்ளு நுள்ளினாள். கஜானி தட்டத்தை மேசையில் வைத்த வைப்பில் இரண்டு அரியதரப் பலகாரம் நிலத்தில் உருண்டன. அதற்கும் மாப்பிள்ளையின் தாய் சிரித்தாள். பிள்ளைக்கு வெட்கமாம்.

வெட்கம்! நல்ல கதை.

அந்த அப் எப்படி வந்தது என்று அங்கே இருந்த ஒருவருக்காவது தெரியுமா? கஜானி ஒரு கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. காலையில் மெசினில் விரலை வைக்க வேண்டும், பின்னேரம் போகும்போதும் விரலை வைக்க வேண்டும். இடையில் அபிவிருத்தி செய்வதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு மேசைக்கு மூன்று உத்தியோகத்தர். கதிரை கிடைக்காத நாளும் உண்டு. அப்படிச் சும்மா இருந்து இருந்து மூளை துருப்பிடித்துவிடும் என்ற பயத்தில்தான் அவள் இணையத்தில் பார்த்துப் பார்த்து அப் செய்யப் பழகினாள். முதலில் பஸ் நேரம் சொல்கிற ஒன்று செய்தாள். பஸ்காரரே நேரம் பார்ப்பதில்லை, சனம் எதற்குப் பார்க்கும்? அது படுத்துவிட்டது. பிறகு ரியூசன் நேரசூசிக்கு ஒன்று. அதுவும் படுத்தது.

மூன்றாவதுதான் திதி. ஒருமுறை பெரியப்பாவின் திவசத்தை ஊரில் ஒரு நாளும் கனடாவில் வேறொரு நாளும் செய்து, அதனால் இரண்டு குடும்பம் முகம் பார்க்காமல் விட்டது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த எண்ணம் வந்தது. செத்தவர்களை எங்கள் சனம் இங்கிலீஷ் தேதியில் நினைப்பதில்லை. அவர்கள் செத்த மாதத்தில், அதே திதி வருகிற நாளில்தான் படைக்கும். அந்தத் திதியோ நாட்டுக்கு நாடு நேரம் மாற, முந்தியும் பிந்தியும் வரும். போதாக்குறைக்குப் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று, சில வேளை இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம். வாக்கியம் பிடிக்கிற வீட்டில் போய்த் திருக்கணிதம் பேசினால் தேத்தண்ணியும் கிடைக்காது. கஜானியின் அப்பில் செத்த நாளையும், இப்போது இருக்கும் ஊரையும், வீட்டுப் பஞ்சாங்கத்தையும் கொடுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு வருடமும் உங்கள் அம்மாவின் திதி இன்ன நாள் என்று முன்கூட்டியே செய்தி வரும். ரொறன்ரோவில், பாரிஸில், ஒஸ்லோவில் எல்லாம் சனம் காசு கட்டி வைத்திருந்தது.

விடுதலை என்ற சொல்லைக் கஜானி வாயில் எடுப்பதில்லை. அந்த மண்ணில் அந்தச் சொல் வேறு பாரம் சுமக்கிறது. அவளுக்கு வேண்டியது சின்னது. கந்தோர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கொக்குவிலில் மாடியில் ஒரு அறை எடுத்து, விரும்பின நேரம் எழும்பி, தன் மேசையில் இருந்து வேலை செய்ய வேண்டும். ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணும்போது "எங்கை போறாய், எத்தினை மணிக்கு வருவாய், ஆரோடை" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் தருவது திதி அப் ஒன்றுதான்.

அது அண்ணன் சுபாஸ்கரனின் பெயரில் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. முதன்முதலில் அப்பை இணையக் கடையில் போடும்போது வெளிநாட்டுக்குக் காசு கட்டுகிற கார்ட் அவளிடம் இல்லை. அண்ணன் லண்டனில் இருந்து தன் பெயரில் எக்கவுண்ட் திறந்து கொடுத்தான். காசு அவனுடைய வங்கிக்குத்தான் போகும். போனதை ஒரு சதம் குறையாமல் மாதா மாதம் அனுப்பிவிடுவான். சும்மா சொல்லக் கூடாது, காசு விஷயத்தில் சுபாஸ்கரன் சுத்தமானவன். அதனால்தான் அவளுக்கு இத்தனை காலமும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வந்தவர்கள் வாகனத்தில் ஏறிப் பண்டத்தரிப்புக்குத் திரும்பியதுதான் தாமதம், கஜானி அண்ணனுக்குக் கோல் எடுத்தாள்.

"அண்ணை, அப்பைச் சீதனத்திலை குடுக்கப் போறீங்களாம். உண்மையோ?"

"ஓம் கஜா. நான் மாப்பிள்ளை அருட்செல்வனோடை கதைச்சனான். நல்ல பெடியன். எக்கவுண்டின்ரை பாஸ்வேட், உள்ளுக்குப் போய் மாத்திற பக்கத்தின்ரை பாஸ்வேட், எல்லாம் குடுத்திட்டன். இப்பவே பாத்துப் பழகட்டுமெண்டு."

"குடுத்திட்டீங்களோ? ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"ஏன் உப்பிடிக் கத்திறாய்? என்ரை பேரிலை இருக்கிற சாமான். அதை என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குக் குடுக்கிறன். ஊரிலை எத்தினை அண்ணன்மார் இப்பிடிச் செய்யினம் சொல்லு?"

கேட்டீர்களா நியாயத்தை! இரவு பகலாய்க் குந்தியிருந்து செய்தவள் அவள். தானம் செய்த புண்ணியவான் இவர்.

"அண்ணை, நீங்கள் குடுக்கிறது உங்கடை சாமானில்லை. என்ரை கழுத்தை."

"விசர்க் கதை கதையாதை. கட்டினாப் பிறகு உன்ரையும் அவன்ரையும் ஒண்டுதானே."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். தாயிடம் போனாள். தாய், "கொப்பர் ஓமெண்டிட்டார், இனி நான் என்ன செய்யிறது" என்று குசினிக்குள் திரும்பிவிட்டாள். தகப்பனிடம் போனாள். அவர் வாழைக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறிக்கொண்டே, "காணியை எழுதிறன், வீட்டை எழுதிறன், அதுக்கெல்லாம் நீ சண்டை பிடிக்கேல்லை. கையிலை பிடிக்கேலாத சாமானுக்கு ஏன் பிள்ளை உந்தக் குதி குதிக்கிறாய்" என்றார். காணி உங்களுடையது அப்பா, நீங்கள் எழுதலாம், இது என்னுடையது என்று அவள் எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தாள். அவருக்கு ஏறவில்லை. மகளின் பெயரில் மகளுடைய சொத்து என்று ஒன்று தகப்பன் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதே அவர் மண்டைக்குள் போகவில்லை. மனிதர் கெட்டவர் அல்ல. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெட்ட மனிதர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அடுத்த நாளே அவள் தன் அடையாள அட்டையையும், இப்போது தன்னிடம் இருக்கிற வங்கிக் கார்ட்டையும் வைத்துத் தன் பெயரிலேயே ஒரு எக்கவுண்டுக்கு விண்ணப்பித்தாள். அப்பைப் புதிதாகக் கட்டினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. கந்தோரில் அதே மேசையில் இருக்கும் சிநேகிதி றஜிதாவுக்கு மட்டும் தெரியும். அனுமதி கிடைத்துப் புது அப் ஏறியபோதும் கஜானி பழையதைத் தொடவில்லை. கதைத்துத் தீர்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு முறை மாப்பிள்ளைக்குச் செய்தி போட்டாள். ஆறுதலாய்க் கதைப்போம் என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு முகம்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, கந்தோரில், அப்புக்கென்று அவள் வைத்திருந்த நம்பருக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கோல் வந்தது. அற்புதராணி என்று ஒரு அம்மா. எடுத்தவுடனே அழுகை.

"பிள்ளை, திதி அப்தானே? எங்கடை மனுசன்ரை திதி செவ்வாய்க்கிழமை எண்டு உங்கடை அப் சொன்னது. நான் செவ்வாய் விரதம் பிடிச்சு எல்லாம் படைச்சனான். இப்ப ஊரிலை இருந்து மூத்தவன் சொல்லுறான், ஐயரைக் கூப்பிட்டுத் திங்களே செய்து முடிச்சிட்டானாம். நாங்கள் பரம்பரையா வாக்கியம், பிள்ளை. வாக்கியப்படி இஞ்சையும் திங்கள்தானாம்."

"இருங்கோ அன்ரி, நான் பாக்கிறன். நீங்கள் வாக்கியம் எண்டு குடுத்திருந்தால் திங்கள்தான் காட்டியிருக்கும்."

"காட்டேல்லையே! திங்கள் நான் மீன் குழம்பு வைச்சுச் சாப்பிட்டனான் பிள்ளை. அவருக்குப் படைக்க வேண்டிய நாளிலை நான் மச்சம் திண்டிட்டன். அந்த மனுசன் வந்து பாத்திருந்தால் என்ன நினைச்சிருக்கும்?"

கஜானி திருப்பிக் கோல் எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டு, அப்பை உள்ளே மாற்றுகிற பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேட் பிழை என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் பிழை. அவள் கட்டிய வாசலில் அவளையே யார் நீ என்று கேட்கிறது. மெல்பேணுக்குக் கோல் எடுத்தாள். அருட்செல்வன் உடனே எடுத்தான்.

"ஆ, கஜானியோ! நானே எடுக்க வேணுமெண்டு இருந்தனான். உங்கடை அப்பைக் கொஞ்சம் திருத்தினனான். ரெண்டு பஞ்சாங்கம் என்னத்துக்கு? ஆக்களைக் குழப்பிற வேலை. வாக்கியத்தைத் தூக்கிட்டன். எல்லாரையும் திருக்கணிதத்துக்கு மாத்தியாச்சு. அதுதான் விஞ்ஞானப்படி சரி."

"ஆக்களுக்குச் சொன்னனீங்களோ?"

"என்னத்துக்குச் சொல்லுறது? மிஞ்சிப் போனா ஒரு நாள் முந்திப் பிந்தும்."

"ஒரு மனுசி புருசன்ரை திதி நாளிலை மீன் சாப்பிட்டிட்டுக் குழறி அழுகுது. உங்களுக்கு விளங்குதோ? அதைத் திருப்பிப் போடுங்கோ. இப்பவே போடுங்கோ."

அவன் சிரித்தான். நல்ல பதமான, படித்த சிரிப்பு.

"கஜானி, கோவிக்காதேங்கோ. செத்த ஆக்களுக்கு என்ன தெரியப் போகுது?"

கோதாரி விழுவான்! செத்தவர்களுக்குத் தெரியாது, அது அவளுக்கும் தெரியும். இருக்கிறவர்களுக்குத் தெரியுமே. பரதேசத்தில் பனிக்குள் தனியாய்க் கிடந்து, வருடத்தில் ஒரு நாள் ஒரு வாழையிலையைத் தேடிப் பிடித்து விரித்து, அந்த மனுசனுக்குப் பிடித்த கறியைச் சமைத்து வைக்கிற அந்த அம்மாவுக்குத் தெரியுமே. அந்த நாளைத் தன்னிடம் நம்பித் தந்த சனத்துக்கு ஒரு நாள் முந்திப் பிந்தினால் என்ன என்கிறான் இவன். கையில் வந்து இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. தாலி கட்டவில்லை, அதற்குப் பொன்னுருக்கக்கூட இல்லை. அதற்குள் இந்த வேலை.

"நீங்கள் திருப்பிப் போடமாட்டியளோ?"

"கலியாணம் முடியட்டும், ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்."

"சரி. நான் போடுறன்," என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

இந்த மெல்பேண் மேதைக்கும், லண்டன் அண்ணனுக்கும், நீர்வேலித் தகப்பனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. கடையின் பெயர்ப்பலகைதான் சுபாஸ்கரனின் பெயரில். உள்ளே கணக்குப் பார்க்கிறது, செய்தி அனுப்புகிறது, சனம் தந்த நாட்களையெல்லாம் வைத்திருக்கிறது எல்லாம் வேறொரு சேர்வரில். கார்ட் கிடைத்த நாளிலிருந்து அதற்கு வாடகை கட்டி வருவது கஜானி. அவள் நேரே அங்கே போனாள். அருட்செல்வன் நின்ற வாசலை முதலில் மூடினாள். வாக்கியம் பிடித்தவர்கள் எல்லாரையும் வாக்கியத்துக்கே திருப்பினாள். பிழையான நாள் யார் யாருக்குப் போனது என்று பார்த்தாள். அற்புதராணி ஒருவர் மட்டும் இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்து அலகு நோகத் தொடங்கியது.

பிறகு செய்தி எழுதுகிற இடத்தைத் திறந்தாள். திதி எந்த மணியோசையோடு போகுமோ அதே மணியோசையோடு, அப் வைத்திருக்கிற ஒவ்வொரு ஃபோனுக்கும் போகிற செய்தி. எழுதினாள்:

"வணக்கம். இந்தத் திதி அப்பைச் செய்தவள் நான், நீர்வேலி மார்க்கண்டு கஜானி. என்னைக் கேளாமல் இதைச் சீதனமாகக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் கைவைத்ததில் உங்களில் சிலருக்குத் திதி பிழையாகப் போய்விட்டது. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த அப் இந்த மாதத்தோடு நின்றுவிடும். என் சொந்தப் பெயரில் புதிது ஒன்று இருக்கிறது. விரும்பினால் அதற்கு வாருங்கள். உங்கள் அம்மா அப்பாவின் நாட்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன."

றஜிதா தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். "எடியே, உதை அனுப்பினால் ஊர் நாறும். உங்கடை சொந்தக்காரர் முழுப்பேரும் உந்த அப் வைச்சிருக்கினம்."

"நாறட்டும். இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தானே மணத்தது."

அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு டென்மார்க்குக்குக் கோல் எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மா, "அவன் ஆர் பிள்ளை, அவன்ரை நம்பரை எனக்கு ஒருக்காத் தா" என்றாள்.

வீட்டுக்குப் போகுமுன்னமே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. ரொறன்ரோ மாமி எடுத்து, பாரிஸ் சித்தப்பா எடுத்து, மார்க்கண்டரின் ஃபோன் சூடாகிக் கிடந்தது. அவர் முற்றத்தில் நின்று கத்தினார். "எங்கடை மானத்தை உலகம் முழுக்க வித்துப்போட்டாய்! சீதனம் குடுக்கிறது ஊரிலை இல்லாத வழக்கமோ?"

"வழக்கமெண்டால் ஏன் அப்பா வெக்கப்படுறீங்கள்?"

அவர் இன்னும் பலமாய்க் கத்தினார். சுபாஸ்கரன் வட்ஸ்அப்பில் வந்து, "என்னைக் கள்ளனாக்கிப்போட்டாயடி" என்றான். "கள்ளன் எண்டு நான் எழுதேல்லை அண்ணை, சீதனமெண்டுதான் எழுதினனான்" என்றாள். அன்றிலிருந்து அவன் கதைக்கவில்லை. சனம் புது அப்புக்கு வரத் தொடங்கியது. எல்லாரும் வரவில்லை. செத்த வீட்டு விஷயத்துக்குள் குடும்பச் சண்டையைக் கொண்டு வந்ததற்கு நாலு பேர் நல்லாய்த் திட்டியும் எழுதினார்கள். ஆனாலும் வந்துகொண்டே இருந்தார்கள். கஜானி ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள்.

வீட்டில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சோறு மட்டும் மேசையில் இருக்கும். சம்மந்தம் முறிந்துவிட்டது என்று தாய் இருந்து இருந்து அழுவாள். கஜானிக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, தாயைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கண்டர் தோட்டத்திலிருந்து ஓட்டமும் நடையுமாய் வந்தார். காலெல்லாம் சேறு. காதில் ஃபோன். அப்படியொரு சந்தோஷத்தை அவருடைய முகத்தில் அவள் கண்டு எத்தனையோ நாள்.

"பிள்ளை! தரகர் லைனிலை நிக்கிறார். அவையள் கோவிக்கேல்லையாம்! பழசு போனால் போகட்டுமாம். கெட்டிக்காரப் பிள்ளையாம். புதுசை எழுதித் தந்தால் காணுமாம். சம்மந்தம் முறியேல்லைப் பிள்ளை!"

குசினி வாசலில் நின்ற பாலேஸ்வரி, "என்ரை நீர்வேலிப் பிள்ளையாரே" என்று கும்பிட்டாள்.

கஜானி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கள்ளம் இல்லை. மகளுக்கு ஒரு வாழ்க்கை திரும்பிக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் கடைசியாய் மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அப்பா?"

"ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அவள் எட்டி ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் கஜானி கதைக்கிறன். அப்பா ஓமெண்டது அப்பாவின்ரை பேரிலை இருக்கிற சாமானுக்கு. வேணுமெண்டால் காணிக்குள்ளை வந்து வாழைக்குலையை வெட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. என்ரை பேரிலை ரெண்டே ரெண்டுதான் இருக்குது. ஒண்டு அந்த அப். மற்றது நான். ரெண்டும் எழுதிக் குடுக்கிறதுக்கில்லை."

தரகர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் கோலை வெட்டி, ஃபோனைத் தகப்பனின் சேற்றுக் கையிலேயே திரும்ப வைத்தாள். அவர் அதைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார். அவள் உள்ளே போய் லப்டொப்பையும் வயரையும் பைக்குள் வைத்து, ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கை போறாய்? எத்தினை மணிக்கு வருவாய்?" என்று மார்க்கண்டர் கேட்டார்.

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணினாள். கொக்குவில் பக்கமாய்த் திருப்பினாள்.